கட்டட மின்கணக்கும் இணையச் செயலியும்

சங்கத்தின் வரவு செலவைப் பேரேட்டில் பதிந்து, ஆண்டு முடிவில் மகாசபையின் முன் வைப்பது கூட்டுறவாளர் யாவரும் அறிந்த முறையாகும். ஆனால் சங்கக் கட்டடம் எவ்வளவு மின்சாரத்தை உண்கிறது, அதில் எவ்வளவு பயன்படுகிறது, எவ்வளவு வீணாகிறது என்பதற்குத் தனி ஏடு வைத்திருக்கும் சங்கங்கள், நாம் கண்டவரை மிகச் சிலவே. இந்த ஏட்டைக் கணினி வழியே வைத்து, வருங்காலச் செலவையும் கணித்துக் காட்டும் சாதனமே கட்டட மின்திட்ட இணையச் செயலி. அதனை நிறுவுவது எங்ஙனம், பின்னர் விரிவாக்குவது எங்ஙனம் என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். நூல் கிடங்கும் விற்பனைக் கூடமும் கொண்ட கட்டடம் அது. தனியார் ஒருவர் எழுதித் தந்த செயலி, அக்கட்டடத்திற்கு 70 கிலோவாட் சூரிய மின்தகடுகள் தேவை என்று கூறியிருந்தது. அதற்குக் கடன் பெறும் தீர்மானமும் மகாசபைக்கு வரவிருந்தது. வரைவைப் படிக்கக் கேட்ட முதிய நெசவாளர் ஒருவர், “காரியதரிசி ஐயா, நம் மீட்டர் அவ்வளவு ஓடுமா?” என்று வினவினார். ஏடுகளைப் புரட்டிப் பார்த்தோம். யூனிட் எழுத வேண்டிய கட்டத்தில் ரூபாய் எழுதப்பட்டிருந்தது! மாதக் கட்டணமான 8,400 ரூபாயைச் செயலி 8,400 யூனிட்டாகக் கொண்டுவிட்டது. உண்மையில் ஓடியது 1,050 யூனிட். அதாவது நாளொன்றுக்கு 35 யூனிட். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் எனக் கொண்டால், 9 கிலோவாட்டே போதும். பிழையைத் திருத்த முயன்றபோது மற்றொரு குறையும் வெளிப்பட்டது. எழுதித் தந்தவர் ஊரைவிட்டுச் சென்றிருந்தார். கடவுச்சொல் சங்கத்தில் எவரிடமும் இல்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது, அங்கத்தினர்களின் பணமும் தப்பியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து பெறும் படிப்பினைகளை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

செயலியின் நான்கு உறுப்புகள்

இணையச் செயலி என்பது ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியே ஏற்றப்படுவதன்று. அது சர்வர் எனப்படும் ஒரு பொதுக் கணினியில் இருக்கும். அங்கத்தினர் தம் கைப்பேசி வழியாகவோ, சங்கக் கணினி வழியாகவோ அதனைத் திறந்து பார்க்கலாம்.

அதற்கு நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது, விவரங்களை எழுதும் திரை. இரண்டாவது, அவற்றைக் காத்து வைக்கும் தரவுத்தளம், இதுவே பேரேடு. மூன்றாவது, கணக்கிடும் பொறி. நான்காவது, வேலைகளை வரிசைப்படுத்தும் பகுதி. ஒரு கட்டடத்தின் ஓராண்டுக் கணக்கைப் போட்டு முடிக்கச் சில நிமிடங்களும் ஆகலாம். பல சங்கங்கள் ஒரே நேரத்தில் கேட்டால் திரை உறைந்து நிற்கும். ஆகவே, வந்த கோரிக்கைகளை வரிசையில் வைத்து, முடிந்ததும் விடையைத் தெரிவிக்கும் ஏற்பாடு தேவையாகிறது.

கணக்கிடும் பொறியைப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டுவதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எனர்ஜி பிளஸ்’ என்னும் மென்பொருள் இதற்கென்றே அமைந்தது. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கிறது, கட்டணமும் இல்லை. சுவர், கூரை, சன்னல் வழியே புகும் வெப்பம், ஆட்களாலும் விளக்குகளாலும் உண்டாகும் வெப்பம், குளிர்சாதனம் வெளியேற்றும் வெப்பம் ஆகியவற்றை அது ஆண்டின் 8,760 மணி நேரத்திற்கும் சரிக்கட்டிப் பார்க்கிறது. பலர் உழைப்பில் உருவாகி, பலர்க்கும் பொதுவாக விளங்கும் இப்பொருள் கூட்டுறவு நெறிக்கு அயலானதன்று.

பதிவே அடிப்படை

பொறி எத்துணைச் சிறந்ததாயினும், தவறான பதிவுக்குத் தவறான விடையே தரும். எனவே செயலியை நிறுவுவோர் முதலிற் கவனம் செலுத்த வேண்டியது எழுதும் திரையிலேயாம். யூனிட்டுக்கு ஒரு கட்டம், ரூபாய்க்கு ஒரு கட்டம் எனத் தனித்தனியே இருத்தல் வேண்டும். பட்டியல் இரு மாதங்களுக்கு உரியதாயின், அதனை நாட்கணக்கில் பகுத்து மாதவாரியாக்க வேண்டும்.

அன்றியும், நடவாத எண்ணைச் செயலியே மறுக்குமாறு விதி அமைத்தல் வேண்டும். முன் கூறிய சங்கத்தின் அனுமதிக்கப்பட்ட மின்பளு 10 கிலோவாட். முழுப் பளுவும் 30 நாள் இரவு பகலாக ஓடினாலும் 7,200 யூனிட்டுக்கு மேல் ஆகாது. அவ்வாறிருக்க, 8,400 என்ற எண்ணை ஏற்றுக்கொண்டது செயலியின் குற்றமேயாகும். இச்சிறு விதி ஒன்று இருந்திருப்பின், பிழை வாயிலிலேயே நின்றிருக்கும்.

ஒத்துப் பார்த்தல்

தட்பவெப்ப விவரங்களுக்குச் சென்னை முதலிய நகரங்களுக்குரிய ஆண்டுக் கோப்புகள் கிடைக்கின்றன. அவை பல ஆண்டுகளிலிருந்து வகைமாதிரியான மாதங்களைத் தெரிந்தெடுத்துக் கோத்தவை. ஆதலால் செயலி காட்டும் எண்ணும் இவ்வாண்டுப் பட்டியலும் அச்சாக ஒத்திருக்கமாட்டா. எவ்வளவு வேறுபாடு பொறுக்கத்தக்கது? அமெரிக்கப் பொறியாளர்களின் ஆஷ்ரே சங்கம் வகுத்த 14ஆம் வழிகாட்டி, மாதப் பட்டியல்களோடு ஒப்பிடுகையில் சராசரிச் சாய்வு 5 சதவீதத்திற்குள் அடங்க வேண்டும் என்கிறது. இவ்வாறு ஒத்துப் பாராத செயலியின் சொல்லை நம்பிக் கடன் வாங்குதல் தகாது.

விரிவாக்கும் முறை

செயலி நிலைபெற்றபின், ‘கூரையை மாற்றினால் என்ன? விளக்குகளை மாற்றினால் என்ன?’ என்று வினாக்கள் எழும். ஒவ்வொரு வினாவுக்கும் பொறியைக் கழற்றி மாட்டுதல் கூடாது. ‘ஓப்பன் ஸ்டுடியோ’ என்னும் துணைக் கருவித்தொகுதியில் ‘மெஷர்’ எனப்படும் சிறு நிரல்கள் உண்டு. ஒவ்வொன்றும் கட்டட மாதிரியில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யும். பொறி தீண்டப்படாமலே இருக்கும். தறியை மாற்றாமல் பாவை மட்டும் மாற்றி வேறு சேலை நெய்வது போன்றதே இது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். 200 சதுர மீட்டர் வெற்றுக் கான்கிரீட் கூரை, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வேறுபாட்டில் 3.5 வாட் வெப்பத்தைக் கடத்துவதாகக் கொள்வோம். 10 டிகிரி வேறுபாட்டில் 7,000 வாட் வெப்பம் உள்ளே புகும். இந்திய அரசு 2018இல் குடியிருப்புகளுக்கென வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ கூரைக்கு விதித்த உச்ச வரம்பு 1.2 வாட். அந்த அளவுக்கு நம் கூரையையும் வெப்பத்தடுப்பு இட்டுத் திருத்தினால் 2,400 வாட்டே புகும். எஞ்சிய 4,600 வாட்டை வெளியேற்றும் வேலை குளிர்சாதனத்திற்கு இல்லாமற் போகிறது. ஆகவே முதலிற் கூரை, பின்னரே மின்தகடு என்னும் வரிசை நன்று. செலவைக் குறைத்தபின் தகடுகளின் தேவையும் குறைந்துவிடும்.

புதுப் பகுதி சேர்க்கும்போதெல்லாம், பழைய கட்டடம் ஒன்றின் கணக்கை மீண்டும் ஓட்டி, முன்பு வந்த விடையே வருகிறதா என்று பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு இறுதி இருப்பும் இவ்வாண்டுத் தொடக்க இருப்பும் ஒத்திருக்க வேண்டுமன்றோ? ஒவ்வொரு விடையோடும் செயலியின் பதிப்பு எண்ணும் தேதியும் பதியப்படுதல் அவசியம்.

சாவி யாரிடம்?

செயலியை யார் எழுதினும், மூலநிரலும் தரவுத்தளமும் சங்கத்தின் உடைமை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையிட்டு, இரும்புப் பெட்டிச் சாவியைப் போலவே பொறுப்பு மாறும்போது ஒப்படைக்க வேண்டும். விவரங்களின் நகல் ஒன்றை மாதந்தோறும் வேறிடத்தில் வைத்தல் வேண்டும். தனித்து இயலாத சிறு சங்கங்கள் பல சேர்ந்து ஒரே சர்வரை வைத்துக்கொள்ளலாம், செலவும் பங்காகும்.

கணினி போட்ட கணக்கு ஆயிற்றே என்று வாய்மூடி இருத்தல் அங்கத்தினர்க்கு அழகன்று. ‘நம் மீட்டர் அவ்வளவு ஓடுமா?’ என்ற ஒரு கேள்வியே ஒரு சங்கத்தைக் காத்தது. அக்கேள்வியை ஒவ்வொரு மகாசபையிலும் அங்கத்தினர்கள் தயங்காது எழுப்புவார்களாக.