ஒல்லிக் கையும் உருண்ட வயிறும்

2016 ஜூலையில் கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் தமது பட்ஜெட்டில் ஒரு புது வரியைக் கொண்டுவந்தார். பெரிய பிராண்டு உணவகங்கள் விற்கும் பர்கர், பீட்சா, டோனட் வகையறாக்களுக்கு 14.5 சதவீதம். ‘கொழுப்பு வரி’ என்று பத்திரிகைகள் அதற்குப் பெயர் வைத்தன. மறுவருடம் ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி அதற்குள் கரைந்து போயிற்று.

இருந்த ஓராண்டிலும் கரமனைக்காரர்களின் வயிற்றை அது பெரிதாகத் தொட்டிருக்காது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் இது. இங்கே சாயங்காலப் பசிக்கு ஆள் தேடுவது பர்கரை அல்ல. பரோட்டா, பழம்பொரி, பப்ஸ், ஷவர்மா, சீனி தாராளமாக விழுந்த லைம் ஜூஸ். இவற்றில் பெரும்பாலானவை தட்டுக்கடையிலும் பேக்கரியிலும் விற்பவை. கொழுப்பு வரி குறிவைத்ததோ பிராண்டுக் கடைகளை.

வீட்டுச் சாப்பாடு மட்டும் பத்தியமா என்ன? கரமனையாற்றை ஒட்டிய அக்ரகாரத் தெருக்களில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. காலையில் இட்லி, மதியம் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை சாதம், இரவில் தோசை. கறியும் கூட்டும் ஓரத்தில் ஒரு கரண்டி. வயலில் உழைத்தவர்களுக்கும் எங்கும் நடந்தே போனவர்களுக்கும் இந்தச் சாப்பாடு செரித்தது. இன்று கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்துவிட்டு வரும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை வீட்டில் சாதத்தையும் வெளியில் மைதாவையும் சேர்த்தே சாப்பிடுகிறான். சிக்கல் பரோட்டாவில் மட்டும் இல்லை. இந்த இரட்டைக் கணக்கில் இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ‘இந்தியாப்’ ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரைப் பரிசோதித்து 2023இல் முடிவை வெளியிட்டது. நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் 14.4. கேரளத்தில் 25.5, அதாவது வயதுவந்தவர்களில் நாலில் ஒருவர். படிப்பிலும் ஆயுளிலும் முன்னணியில் நிற்கும் மாநிலம் இதிலும் முன்வரிசையில் நிற்கிறது. ஆயுள் நீண்டால் முதியவர்கள் கூடுவார்கள், அதனால் நீரிழிவும் கூடும் என்பது பாதி விளக்கம்தான். மீதிப் பாதி தட்டில் இருக்கிறது.

“எனக்கென்ன, ஒல்லியாகத்தானே இருக்கேன்” என்று சொல்பவர்களுக்காகவே எடுத்தது போல ஒரு புகைப்படம் இருக்கிறது. 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே, 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. எடைக்கருவிக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். உடம்புக்கு அப்படி அல்ல.

தெற்காசியர்களின் உடல்வாகு பொதுவாகவே இப்படித்தான்: தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு அவ்வளவு தொந்தரவு தராது. அங்கே இடம் போதாமல் மிஞ்சுவது ஈரலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் கணையத்திலும் போய்ச் சேர்கிறது. அதன் பிறகு இன்சுலின் சொல்வதை ஈரலும் தசையும் சரியாகக் கேட்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து சில வருடங்கள் ஈடுகொடுக்கும். அந்த வருடங்களில் ரத்தச் சர்க்கரை ஒழுங்காகவே தெரியும், ஆளும் நன்றாகவே இருப்பான். தொப்பை மட்டும்தான் முன்கூட்டித் தகவல் சொல்கிறது. நாம் அதைக் கேலி செய்து கடந்துவிடுகிறோம்.

சாதத்துக்கு இதில் எவ்வளவு பங்கு? 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து கவனித்த ‘ப்யூர்’ ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. தெற்காசியாவில், நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெந்த வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு ஆபத்து 61 சதவீதம் அதிகம் இருந்தது. மூன்று தடவை போட்டுச் சாப்பிடும் வீட்டில் 450 கிராம் என்பது பெரிய அளவே அல்ல. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான் என்று 2025இல் வந்த ‘இந்தியாப்’ உணவு ஆய்வும் சொல்கிறது. மாவுச்சத்தில் சிறு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் பொருள் போன்ற புரதத்தை வைத்தவர்களிடம் ஆபத்து குறைவாகக் காணப்பட்டது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமைக்கு மாறியதால் மட்டும் அந்தப் பலன் தெரியவில்லை. “சாதத்தை விட்டுட்டேன், இப்போ நாலு சப்பாத்திதான்” என்று பெருமைப்படுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்’ முறைக்கு ரத்தமே வேண்டாம். ஒரு தையல் டேப் போதும். நூற்றுக்கு 60 வந்தால் ஆபத்து அதிகம். 35 வயதுக்குக் கீழே என்றால் வயதுக்குப் பூஜ்யம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆணுக்கு இடுப்பு 90 முதல் 99 செ.மீ. வரை என்றால் 10. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்தே என்றால் 30. அப்பா, அம்மா இருவருக்கும் ஷுகர் என்றால் 20. ஆக மொத்தம் 60. வயது 24 ஆக இருந்தாலும் அவன் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டான். நாலில் ஒருவருக்கு நோய் இருக்கும் மாநிலத்தில் இப்படிப்பட்ட வீடுகள் அபூர்வம் அல்ல.

கரமனையிலிருந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால் வருவது நெய்யாற்றின்கரை. இந்த மதிப்பெண்ணை வைத்தே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் கே. ஆர். தங்கப்பன் முதலானோரின் ஆய்வாக அந்தத் தாலுகாவில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 30 முதல் 60 வயதுவரை உள்ள 1,007 பேர். அக்கம்பக்கத்தாரே குழுவாகக் கூடி உணவையும் நடையையும் திருத்திக்கொள்ளும் திட்டம். இரண்டு ஆண்டுகளில் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்தது. காய், பழம் சாப்பிடுவது கூடியது, மது குறைந்தது. ஆனால் நோய் வந்தோரின் வித்தியாசம், தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதைத் தோல்வி என்று ஒதுக்க வேண்டியதில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு தட்டை மாற்றுவது எவ்வளவு தாமதமான வேலை என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சாட்சி வேண்டுமா?

ஆனாலும் அரசின் கண் முப்பதுக்கு மேல்தான் திறக்கிறது. வீடு வீடாக வந்து ஆஷா பணியாளர்கள் ‘ஷைலி’ செயலியில் விவரம் பதிவதும் 30 வயது ஆனவர்களுக்குத்தான். இந்தியப் பெருநகரங்களில் 20 வயதில் இருக்கும் ஆண்களில் 55.5 சதவீதமும் பெண்களில் 64.6 சதவீதமும் வாழ்நாளில் என்றாவது நீரிழிவுக்கு ஆளாகக்கூடும் என்று 2020இல் ஒரு கணிப்பு வந்தது. உடல்பருமனும் சேர்ந்தால் இருபாலருக்கும் அது 85 சதவீதத்தைத் தாண்டுகிறது. இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவிலான அந்தப் பத்து வருட இடைவெளியை யார் பார்ப்பது?

வீட்டிலேயே பார்க்கலாம். பேண்ட் அளவை நம்ப வேண்டாம். தொப்பைக்குக் கீழே கட்டும் பேண்ட் எல்லாருக்கும் 34தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், இறுக்காமல் டேப்பைச் சுற்றுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. சாதத்தை ஒரே தடவையாக்கி, அவியலையும் பயறையும் முட்டையையும் மீனையும் ஓரத்திலிருந்து தட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். லைமில் சீனி வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லலாம், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். பெற்றோரில் ஒருவருக்காவது ஷுகர் இருந்து, டேப்பும் எல்லையைத் தாண்டினால், ஷைலிக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் சரி, 100 முதல் 125 வரை என்றால் நோய்க்கு முந்தைய நிலை. அப்போதும், அதற்கு மேல் போனாலும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.