மாணாக்கர் சீருடை

கல்லூரி விழா மலர்களிலே பழைய குழுப்படங்கள் இடம்பெறுதல் மரபு. அவற்றை ஆண்டு முறையில் அடுக்கிப் பார்ப்போர்க்கு ஆசிரியரின் முகங்களும் கட்டடங்களின் தோற்றமும் மாறி வந்தமை புலப்படுவது போலவே, மாணாக்கரின் உடை மாறி வந்தமையும் புலப்படும். யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரிகளின் முற்காலப் படங்களிலே வேட்டியும் சால்வையும் உண்டு. வேட்டியின் மேலே கோட்டு அணிந்தோர் உளர். தலைப்பாகை தரித்தோரும் உளர். பிற்காலப் படங்களிலோ எல்லோரும் வெள்ளைச் சட்டையும் காற்சட்டையுமாய் ஒரே கோலத்தில் நிற்பர். முன்னைய படத்திலே இன்னான் இன்ன வீட்டுப் பிள்ளை என்பதை உடையைக் கொண்டே ஒருவாறு ஊகிக்கலாம். பின்னைய படத்தில் அஃது இயலாது. இவ்வியலாமை பேணத்தக்கதோ என்பதே சீருடை பற்றிய வழக்கின் உயிர்நிலை என நாம் கருதுகின்றோம்.

மாணாக்கர் சீருடை அணிதல் வேண்டும் எனக் கட்டாயப்படுத்தல் தகுமோ என்னும் வினா, விவாதப் போட்டிகளுக்கு உகந்த பொருளாக மட்டும் எண்ணப்பட்டு வருகின்றது. இரு கட்சியாரும் மனனஞ் செய்த நியாயங்களை ஒப்புவித்துப் பரிசு பெற்றுக் கலைவர். மறுநாட் காலையிலே எல்லோரும் அதே சீருடையிற் சமுகமளிப்பர். நாம் சீருடை வேண்டுமென்னுங் கட்சியினரே. ஆயினும், அக்கட்சியார் வழக்கமாக எடுத்துரைக்கும் நியாயங்களுட் பல எமக்கு உடன்பாடல்ல.

சீருடையால் ஒழுக்கம் வளரும், கவனம் பெருகும், தேர்ச்சி உயரும் என்பர். ஐக்கிய அமெரிக்காவிலே, கலிபோர்ணியா மாநிலத்து லோங் பீச் நகரின் கல்விப் பகுதி 1994 இல் கீழ், நடுத்தர வகுப்பு மாணாக்கர் அனைவர்க்கும் சீருடையைக் கட்டாயமாக்கிற்று. அங்கே குற்றங்கள் குறைந்தன என்ற செய்தி பரவவே வேறு பல நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. ஆயின், டேவிட் பிறன்ஸ்மா, கெரி றொக்குவெமோர் என்னும் ஆய்வாளர் இருவர் 1998 இல் வெளியிட்ட கட்டுரை, மாணாக்கரின் வரவிலோ நடத்தையிலோ கல்வித் தேர்ச்சியிலோ சீருடையால் விளைந்த நேரடியான நன்மை எதனையும் காணவில்லை. ஒழுக்கம் உடையிலிருந்து வருவதாயின் ஆசிரியத் தொழிலைத் தையற்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வீட்டிலிருக்கலாம்.

ஆய்வின்றியே இதனை நாம் நம் நாட்டிற் கண்டிருக்கின்றோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்த பின்னர், தென்மராட்சியிலும் வன்னியிலும் பிள்ளைகள் மரநிழலிலும் பிற பாடசாலைகளின் பிற்பகல் வேளைகளிலும் இருந்து படித்தனர். 2009 இலே வவுனியா முகாம்களிலிருந்தவாறே க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் இருந்தனர். கைக்குக் கிடைத்ததையே அவர்கள் உடுத்தனர், படிப்பு நடந்தது. சீருடை என்னும் அச்சொல்லே போர்க்கோலத்தை நினைவூட்டி அச்சந்தந்த தலைமுறையும் அதுவே. ஆதலின், சீருடையின்றேற் கல்வியில்லை என்று வாதிப்போருக்கு நம் அண்மைக்கால வரலாறு இடங்கொடாது.

அங்ஙனமாயின் சீருடை எதற்கு? இதற்கு விடை காண ஊர் வரலாற்றிற் சிறிது பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

நம் குடாநாட்டிலே உடை என்றும் வெறும் உடையாய் இருந்ததில்லை. இன்ன குலத்தார் தோளிற் சால்வையிடலாகாது, முழங்காலின் கீழே வேட்டி தாழலாகாது, இன்ன குலத்துப் பெண்டிர் மேலாடை அணியலாகாது, நகை பூணலாகாது என்றெல்லாம் எழுதாச் சட்டங்கள் நிலவின. மீறியவர்கள் அடிபட்டனர். வகுப்பறையும் இதற்கு விலக்கன்று. சில பிள்ளைகள் வாங்கில் இருக்க, வேறு சில பிள்ளைகள் நிலத்தில் இருந்தனர். உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்குதல் வேண்டுமென 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே கல்விப் பகுதி பணித்தபோது, அதனை எதிர்த்து மகசர் எழுதினோரும் பாடசாலைக்குத் தீயிட்டோரும் நம்மவரே. சைவத்தையுந் தமிழையும் வளர்த்த பெருமையை விழாக்கள்தோறும் பேசுகின்ற நாம் இதனையும் ஒருகாற் பேசுதல் நேர்மையாகும்.

அக்காலத்திலே இக்கொடுமைக்கு மாறாக எழுந்த குரல்களுள் முதன்மையானது யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் குரல். 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய அவ்வியக்கத்தார், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் வழிகாட்டலிலே, சம ஆசனத்தையும் சம போசனத்தையும் வற்புறுத்தினர். தேசிய உடையையும் கதரையும் போற்றினர். 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை அவ்வியக்கத்தாரின் அழைப்பின் பயனாகும். உடையிலே வேற்றுமை காட்டுதலும் உட்காருமிடத்திலே வேற்றுமை காட்டுதலும் ஒரே நோயின் இரு குறிகள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்தது. சட்டப் புத்தகத்தில் ஏறியது ஊர் வழக்கில் ஏற மேலும் நெடுங்காலஞ் சென்றது.

இத்தகைய ஊரிலே, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வெள்ளைச் சட்டை என்பதன் பொருள், வேறு நாட்டார் கொள்ளும் பொருளினும் பெரிதாம். பாட்டனுக்குச் சால்வை மறுக்கப்பட்டது. பேரன் மறுத்தவரின் பேரனோடு ஒரே துணியில் ஒரே வாங்கில் இருக்கின்றான். நாம் சீருடையை ஆதரித்தற்கு முதற்காரணம் இதுவே. ஏனைய காரணங்கள் இல்லையெனினும் இஃதொன்றே போதும்.

சீர் என்னுஞ் சொல்லுக்கு ஒழுங்கு, அழகு, செல்வம், சிறப்பு எனப் பல பொருளுள. துலாக்கோலை நேர்நிறுத்தி நிறுத்தலைச் சீர்தூக்கல் என்கின்றோம். சீருடையில் வருஞ் சீரை இச்சமன்பாட்டோடு சேர்த்துப் பொருள் கொள்வதே எமக்கு விருப்பம். சமம் என்றதனால் அச்சிற் வார்த்தாற்போல இருத்தல் வேண்டுமென்பதில்லை. வெண்பாவிலே மாச்சீரும் விளச்சீரும் காய்ச்சீரும் கலந்தே வரும். தளை தப்பாதிருத்தலே வேண்டப்படுவது. (தளை என்பதற்கு விலங்கு என்ற பொருளும் உண்டு என்பதை மாணாக்கர் எமக்கு நினைவூட்டாமல் இரார்.) நம் நாட்டுச் சீருடையும் அத்தகையதே. கீழ் வகுப்புச் சிறுவர்க்கு நீலக் கட்டைக் காற்சட்டை, மேல் வகுப்பினர்க்கு வெள்ளை நீளக் காற்சட்டை, முஸ்லிம் மாணவியர்க்கு அவர்தம் மரபிற்கேற்ற முழுநீள ஆடை, பிரிவெனாக்களிற் பயிலும் இளந்துறவிகட்குக் காவித்துணி என அரசே பல வகையாய் வழங்குகின்றது. நெற்றியில் நீறணிவோரும் அணியாதாரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். இதனால் ஒருமைக்கு ஊறு நேர்ந்ததை நாம் கண்டிலோம்.

அரசு வழங்குகின்றது என்றோம். அதுவே இவ்விடயத்தின் மையம். கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 இல் இலவசப் பாடநூல் வந்தது. பிரேமதாச ஜனாதிபதியாயிருந்த காலத்தில், 1993 இலே, இலவசச் சீருடைத் துணி வந்தது. கட்டணத்தை நீக்கிய பின்னும் துணி வாங்க இயலாமையாற் பிள்ளை வீட்டில் நின்றுவிடும் என்பதை உணர்வதற்கு அரை நூற்றாண்டு சென்றிருக்கின்றது. கென்யா நாட்டிலும் இஃதே நிகழ்ந்தது. அங்கே ஆரம்பப் பாடசாலைக் கட்டணம் 2003 இல் ஒழிக்கப்பட்டது. சீருடைச் செலவோ பெற்றோர் தலையிலேயே நின்றது. எஸ்தர் டுப்லோ, மைக்கல் கிரேமர் முதலியோர் அந்நாட்டின் மேற்குப் பகுதியிலே சில பாடசாலைகளிற் சீருடையை இலவசமாய் வழங்கி ஆராய்ந்தபோது, அப்பாடசாலைகளில் இடைவிலகுவோர் தொகை குறைந்தது. சீருடையால் விளையும் நன்மை அதனைக் கட்டாயமாக்குவதிலும் அதனைக் கொடுப்பதிலேயே மிகுதியும் தங்கியிருக்கின்றது என்பதற்கு இது தக்க சான்று.

2015 இன் இறுதியிலே துணிக்குப் பதிலாகப் பெறுமதிச் சீட்டு வழங்கும் முறை புகுந்தது. பின்னர் மீண்டுந் துணியே வந்தது. 2025 ஆம் ஆண்டுக்குரிய துணி முழுவதும் சீன தேசத்தின் நன்கொடை. அன்று கதர் பேசிய பெரியார்கள் இதனைக் கேட்பின் என் சொல்வரோ! ஆயினும் பிள்ளையின் முதுகை மூடியது எந்நாட்டு நூல் என்று நாம் ஆராய்வதற்கில்லை.

துணி வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டதென எண்ணுவோர், வெள்ளைச் சட்டை ஒன்றை மட்டும் உடைய பிள்ளையின் வீட்டை அறியாதார். வெயிலுக்கு வெள்ளை ஏற்றதுதான். ஆயின் வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அது பெரும்பகை. பள்ளி விட்டு வந்ததும் தாயார் அச்சட்டையைக் கழற்றுவித்துக் கிணற்றடியில் துவைத்து, நீலம் போட்டுக் கொடியில் இடுதல் வேண்டும். அது விடியுமுன் உலர்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியிலே அஃது உலராது. அடுப்பின் மேலே பிடித்துப் புகை மணக்க உலர்த்துவோரும், ஈரத்தோடு மினுக்குவோரும், ஈரத்தோடே அணிவித்து அனுப்புவோரும் உளர். இரண்டாந் தவணையிற் பழுப்பேறி, மூன்றாந் தவணையிற் கைமடிப்பு நைந்து, ஆண்டிறுதியில் அச்சட்டை தன் உடையவனின் வீட்டு நிலையை ஊரறியச் சொல்லிவிடும். ஐந்து சட்டை உடையவனின் வெண்மையும் ஒரு சட்டை உடையவனின் வெண்மையும் ஒன்றல்ல என்பதை மாணாக்கர் ஆசிரியரினும் விரைவில் அறிவர். துணிக்கு மேலே தையற்கூலி. அதற்கு மேலே சப்பாத்து, மேசு, கழுத்துப்பட்டி, சின்னம். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஓராண்டில் ஏறக்குறைய 70 சதவீதம் உயர்ந்து நின்ற 2022 செப்தெம்பரிலே, சப்பாத்துக் கடையின் வாயில்வரை சென்று திரும்பிய பெற்றோர் எத்தனை பேர்!

ஆகவே, கட்டாயம் என்னுஞ் சொல் முதலிற் பாடசாலையைக் கட்டுதல் வேண்டும், பின்னரே பிள்ளையை. இங்கிலாந்திலே 2021 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, சீருடைச் செலவு பெற்றோர்க்குத் தாங்கத்தக்கதாய் இருத்தல் வேண்டுமெனப் பாடசாலைகளுக்கு நெறி வகுக்க வழி செய்தது. செல்வ நாடே அவ்வாறு செய்யுமாயின், நாம் ஒவ்வொரு விழாவையும் முன்னிட்டுப் புதிய சின்னமும் புதிய கழுத்துப்பட்டியும் புகுத்துதல் எங்ஙனம் பொருந்தும்? வாயிலிலே மாணவத் தலைவர்களை நிறுத்திச் சப்பாத்தின் நிறம் பார்த்துப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை அன்று இழப்பது ஒரு கணித பாடம், ஒரு தமிழ்ப் பாடம். நூறு பேர் முன்னிலையில் அவன் இழப்பது பிறிதொன்று. கேட்க வேண்டுவது இருப்பின், பிரார்த்தனை முடிந்த பின் வகுப்பாசிரியர் தனியே கேட்கலாம்.

இதனைப் பாடசாலைகளுக்குக் கூறிய நாம், பழைய மாணவர்க்கும் ஒன்று கூறியே ஆகல் வேண்டும். அறஞ் செய்வோர் தாம் செய்த அறத்தை வாங்குவோரின் உடலிலே எழுதிவைத்த வரலாறு பழையது. இலண்டன் மாநகரிலே ஏழைப் பிள்ளைகளுக்கென 1552 இல் நிறுவப்பெற்ற கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் பள்ளி, தன் மாணாக்கர்க்கு நீல நெடுஞ்சட்டை அளித்தது. அதனைப் பின்பற்றி எழுந்த அறப்பள்ளிகள் நீலச்சட்டைப் பள்ளிகள் எனவே பெயர் பெற்றன. தெருவிற் செல்லும்போதே இவன் தருமத்திற் படிக்கும் பிள்ளை எனக் கண்டுகொள்ளலாம். வேற்றுமையை மறைக்க நாம் விரும்பும் உடை, தோன்றியபோது வேற்றுமையைக் காட்டவே தோன்றியது.

இன்று நம்மிடையே நிகழ்வது என்ன? கடல் கடந்து வாழும் பழைய மாணவர் மனமுவந்து பணம் அனுப்புகின்றனர். அவர்தம் அன்பிலே எமக்கு ஐயமில்லை. போர்க்காலத்தும் அதன் பின்னும் பல கல்லூரிகள் தலைநிமிர்ந்து நின்றது அவர்களாலேயே. ஆயின் அப்பணத்தாற் சட்டையும் சப்பாத்தும் வாங்கப்பட்டதும், மேடை அமைக்கப்படுகின்றது; பதாகை கட்டப்படுகின்றது; பிள்ளைகள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, பொதியின் ஒரு நுனியைத் தாமும் மறு நுனியைப் பிரமுகரும் பிடித்தவாறு படமெடுக்கப்படுகின்றனர். அன்றிரவே அப்படம் கைத்தொலைபேசிகள்தோறும் உலாவுகின்றது. மறுநாள் அப்பிள்ளை அதே புதுச் சட்டையுடன் வகுப்பிற்கு வருகின்றான். ஏனையோரைப் போலவே அவனும் வெள்ளை உடுத்திருக்கின்றான். ஆனால் எல்லோரும் அறிவர்.

இதற்கு மாற்று கடினமானதன்று. கல்லூரிக்கு அண்மையிலுள்ள தையற்கடை ஒன்றிற் பழைய மாணவர் சங்கம் கணக்கொன்றைத் திறந்து வைக்கலாம். அவ்வாறே சப்பாத்துக் கடையிலும் வைக்கலாம். உதவி வேண்டுவோரை வகுப்பாசிரியர் அறிவர்; அவர் அதிபருக்குச் சொல்ல, பெயர்ப்பட்டியல் அவ்விருவரோடு நிற்கட்டும். மார்கழி விடுமுறையிலே பிள்ளை தாயோடு சென்று அளவு கொடுத்து, ஒன்றுக்கு இரண்டாகச் சட்டை தைப்பித்துக்கொள்ளட்டும். கணக்கு ஆண்டிறுதியில் எண்ணிக்கையாக மட்டும் சங்கத்துக்கு வரட்டும்: இத்தனை சட்டை, இத்தனை காற்சட்டை, இத்தனை சோடிச் சப்பாத்து. படம் வேண்டுமென அடம்பிடிக்கும் நன்கொடையாளர்க்குத் தையற்கடையின் பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பலாம்.