மலையிலிருந்து கடலுக்கு இரண்டு நாள்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு லீவு நாளிலும் ஓய்வில்லை. கூடையை இறக்கினால் லயத்தில் அடுப்பு காத்திருக்கும். கணவனும் மனைவியுமாக வெளியூர் போவதென்றால் கலியாண வீடு அல்லது சாவு வீடுதான். ஓய்வுக்காகவும் போகலாம், சகோதரிகளே!

கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்குப் பஸ்ஸில் போகலாம். அதற்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரை. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவானது. பகலில் படகில் போய்த் திரும்பலாம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். முருகைக்கற்களை மிதிக்கக் கூடாது.

இந்தக் கரை போரையும் 2004 சுனாமியையும் கண்டது. கடல் என்றதும் நம்மில் பலருக்கு இழப்புத்தான் நினைவுக்கு வரும். அந்தக் கரையில் சும்மா உட்கார்ந்து காற்று வாங்கவும் நமக்கு உரிமை உண்டு. துணையை இழந்தவர்கள் பிள்ளைகளோடு, தோழியோடு போகலாம்.

சீட்டுக் காசில் கொஞ்சம் இதற்கென ஒதுக்குங்கள். அந்த இரண்டு நாளும் சாப்பாட்டைக் கடையில் வாங்குங்கள். சட்டி பானையையும் கட்டிக்கொண்டு போனால் ஓய்வு கணவருக்கு மட்டுமே கிடைக்கும்.