பேச்சை ஒழுங்கு செய்யும் மடிப்பு
மனித மூளை, இடப்பக்கத் தோற்றம்

சிவப்பு வண்ணமிட்ட பகுதியைப் பாருங்கள். இடது முன்மடலின் கீழ்ப்பகுதியில் உள்ள இந்த மடிப்புக்கு, நினைத்ததைப் பேச்சாக்குவதில் பெரும் பங்கு உண்டு.

1861-இல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இறந்தார். பிறர் பேசுவது அவருக்குப் புரியும். பதிலாகப் பெரும்பாலும் ‘டான், டான்’ என்பதே வாயில் வரும். வலது கையும் காலும் செயலிழந்திருந்தன. மூளையின் இடப்பாதியே உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. அவர் மூளையை ஆராய்ந்த அறுவை மருத்துவர் பால் புரோக்கா, இந்த இடம் சிதைந்திருப்பதைக் கண்டார். இன்று இதன் பெயர் புரோக்கா பகுதி.

பக்கவாதம் இவ்விடத்தைத் தாக்கினால், சொல்ல வேண்டியது தெரிந்தும் சொல் எளிதில் வராது. அப்படிப்பட்டவரை அவசரப்படுத்தாதீர்கள், பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள்.