சிக்னல் முழுசு, பக்கம் மட்டும் சுற்றுவது ஏன்?

1985-இல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானபோது வைஃபை என்ற சொல்லே இல்லை. இன்று எந்த வளாகத்திலும் வகுப்புக்கு அறுபது கைபேசி. சிக்னல் கோடு முழுசாக நிற்கும்; பக்கம் திறக்காது.

காரணம், வைஃபையில் ஒரு சேனலில், அதாவது ஒரு அலைத்தடத்தில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பந்தி நிறைய ஆள், பரிமாற ஒரே கை! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே.

வைஃபை பெட்டியின் சக்தியைக் கூட்டினால்? தூரத்து ஆளும் இதே பந்திக்கு வந்துவிடுவார். அதனால் சக்தியைக் குறைத்து, பெட்டிகளைக் கூட்டி, கைபேசிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துவார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டத் திணறும். செட்டிநாட்டு வீட்டுக் கனத்த சுவரென்றால் கேட்கவே வேண்டாம். வளாகத்திலோ அதுவே வசதி: பக்கத்து அறை இரைச்சல் உள்ளே வராது.

பெரிய வீடியோ இறக்க வேண்டுமா? கூட்டம் கலைந்தபின் இறக்குங்கள்.