அம்மாவின் அட்டைக்கு என்ன நிறம்?

எனக்கு 15 வயதானபோது, 2022ஆம் ஆண்டில், இளஞ்சிவப்பு அடையாள அட்டை கிடைத்தது. வகுப்பில் எல்லாருக்கும் கிடைத்ததுதான். படம் நன்றாக விழவில்லை என்று குறைபட்டுக்கொண்டதைத் தவிர நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை.

வீட்டில் அம்மா அந்த அட்டையை வாங்கிச் சன்னல் ஓரம் கொண்டுபோய், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “பத்திரமா வச்சுக்க தம்பி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அப்போது அம்மா சிங்கப்பூருக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரிடம் இருந்தது நீண்டகால வருகை அனுமதி அட்டை. என் அடையாள எண் ‘டி’ எழுத்தில் தொடங்கியது. அவருடையது ‘ஜி’ எழுத்தில். யீஷூனில் ஒரே வீட்டில் இருந்தோம். ஆனால் ஆவணப்படி நான் குடிமகன், என்னைப் பெற்றவர் வருகையாளர்.

“உன் அப்பா சிங்கப்பூரர்தானே? கல்யாணம் ஆனா தானா குடியுரிமை வந்துடாதா?” என்று நண்பர்கள் கேட்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி வராது. அப்பா குடிமகன், நான் பிறந்தது இங்கே. அதனால் எனக்குப் பிறப்பிலேயே குடியுரிமை வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கணவருக்கோ மனைவிக்கோ திருமணம் தருவது விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே.

மூன்று படிகள்

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்று அம்மாவின் ஊர். 2006 மே மாதம் தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தார். அடுத்த மாதம் திருமணம். கழுத்தில் புதுத்தாலியுடன் சிங்கப்பூர் வந்து இறங்கியவர், முதல் படியான நீண்டகால வருகை அனுமதியைப் பெற்றார். அது காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் அப்பா புதுப்பித்தார்.

2012ஆம் ஆண்டில் சிங்கப்பூரர்களின் வாழ்க்கைத்துணைகளுக்காக ‘நீண்டகால வருகை அனுமதி பிளஸ்’ அறிமுகமானது. முதலில் மூன்று ஆண்டுகள் வரையும், புதுப்பிக்கும்போது ஐந்து ஆண்டுகள் வரையும் அது செல்லுபடியாகும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கும் உதவித்தொகை உண்டு. அம்மாவுக்கு அது கிடைத்தது. மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதத்துடன் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இரண்டாவது படி நிரந்தரவாசத் தகுதி. குடும்ப உறவு, பொருளியல் பங்களிப்பு, கல்வித் தகுதி, வயது, இங்கு வாழ்ந்த காலம் எனப் பலவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கப்படும். மூன்றாவது படி குடியுரிமை. நிரந்தரவாசியாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகளும், சிங்கப்பூரரை மணந்து குறைந்தது இரண்டு ஆண்டுகளும் ஆகியிருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஒரு படி ஏறிவிட்டால் அடுத்தது உறுதி என்று பொருளில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி முடிவு.

2013இலும் 2016இலும் அம்மா நிரந்தரவாசத்திற்கு விண்ணப்பித்தார். இரண்டு முறையும் கிடைக்கவில்லை. “பிள்ளைங்க படிச்சு வரட்டும், அப்புறம் பார்ப்போம்” என்று அந்தக் கோப்பை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

2020 மே

அந்தக் கோப்பு மீண்டும் கீழே இறங்கியதற்குத் தாத்தாவின் மறைவுதான் காரணம்.

கொவிட்-19 காலம். எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். துறைமுகத்தில் வேலை செய்யும் அப்பா மட்டும் ஷிஃப்டுக்குப் போய்வந்தார். ஒருநாள் விடியற்காலை ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அம்மா பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். திறக்கவில்லை.

மார்ச் மாதத்திலிருந்து இந்தியாவுக்கான வழக்கமான விமானச் சேவைகள் நின்றிருந்தன. எப்படியாவது போய்ச் சேர்ந்தாலும், நீண்டகால வருகை அனுமதி வைத்திருப்பவர் சிங்கப்பூர் திரும்ப முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்பது அப்போதைய விதி. எனக்கு 12 வயது, தங்கைக்கு எட்டு. போனால் எப்போது திரும்புவோம் என்று தெரியாத நிலையில் அம்மா எங்களை விட்டுப் போகவில்லை.

தாத்தாவின் கடைசிப் பயணத்தைக் கைப்பேசியில் பார்த்தோம். இணையம் அடிக்கடி துண்டித்தது. ஒவ்வொரு முறை படம் நின்றபோதும் அம்மா கைப்பேசியைச் சற்று உயர்த்திப் பிடித்தார், உயர்த்தினால் படம் வந்துவிடும் என்பதுபோல.

அதுவரை எனக்கு அந்த அட்டை, கைப்பையில் கிடக்கும் ஒரு பொருள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரே அம்மா, மூன்று பெயர்கள்

2022 இறுதியில் மூன்றாவது முறை விண்ணப்பிக்க முடிவெடுத்தோம். அப்பாவுக்கு இணையப் படிவம் என்றால் தலைவலி. அவர் சிங்பாஸ் மூலம் உள்ளே நுழைந்து கொடுக்க, பக்கத்தில் அமர்ந்து வேலையைப் பார்த்தவன் நான். உங்களில் பலர் வீட்டில் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள்.

ஆவணங்களை மேசைமேல் பரப்பியபோது ஒன்று கண்ணில் பட்டது. பள்ளிச் சான்றிதழில் அம்மாவின் பெயருக்கு முன்னால் தாத்தாவின் பெயரின் முதலெழுத்து மட்டும் இருந்தது. கடப்பிதழில் தாத்தாவின் முழுப்பெயர் குடும்பப்பெயராக மாறியிருந்தது. திருமணச் சான்றிதழில் அப்பாவின் பெயர் சேர்ந்திருந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. நமக்கு முதலெழுத்து இயல்பான ஒன்று. ஆனால் நம் வழக்கம் அறியாத ஒருவர் பார்த்தால் மூன்று பெண்கள்.

முந்தைய விண்ணப்பங்கள் அதனால்தான் கைகூடவில்லையா என்று சொல்ல முடியாது. முடிவுக் கடிதத்தில் காரணம் எழுதப்படுவதில்லை. ஆனாலும் எங்கள் பக்கம் இருந்த குழப்பத்தை நாங்கள் தீர்க்க வேண்டும் அல்லவா? மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரித்தோம். தமிழில் மட்டும் இருந்த பிறப்புச் சான்றிதழுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பைச் சேர்த்தோம். கட்டணம் 100 வெள்ளி. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்ப வராது.

2023 ஆகஸ்ட் மாதம் அம்மா நிரந்தரவாசி ஆனார். நீல நிற அட்டை வந்தது. எண் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கியது. அடுத்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து, “ஏன் குறையுது?” என்று கேட்டார். மத்திய சேம நிதி என்றேன். நிரந்தரவாசியான முதல் ஆண்டில் ஊழியர் பங்கு பொதுவாக 5 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 15, அதன்பின் அவர் வயதினருக்கு 20. முதலாளியும் தம் பங்கைச் செலுத்த வேண்டும். இத்தனை ஆண்டு வேலை செய்தும் அவர் பெயரில் அப்படி ஒரு சேமிப்பு இருந்ததில்லை. “அப்ப குறையட்டும்” என்று சிரித்தார்.

அந்த டிசம்பரில் ஊருக்குப் போனோம். மறுநுழைவு அனுமதி இருக்கிறதா என்று விமான நிலையத்தில் மூன்று முறை என்னிடம் கேட்டார். தாத்தாவின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

துறப்பது என்றால்...

2025 மே 3, பொதுத்தேர்தல். அப்பா காலையிலேயே வாக்களிக்கக் கிளம்பினார். நானும் அம்மாவும் வீட்டில் இருந்தோம். 21 வயது ஆகாததால் எனக்கு வாக்கு இல்லை. நீல அட்டை என்பதால் அவருக்கு இல்லை. “நான் ஒரே ஒரு தடவைதான் ஓட்டுப் போட்டிருக்கேன் தம்பி” என்று அன்றுதான் 2006 கதையைச் சொன்னார்.

ஆகஸ்ட் மாதத்தோடு இரண்டு ஆண்டுகள் நிறைந்தன. “அம்மா, இப்போ குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்” என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரும் சரி, இந்தியாவும் சரி, பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. இங்கே குடிமகளாக வேண்டுமென்றால் இந்தியக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். கடப்பிதழை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் சொந்த ஊருக்குப் போகவே விசா தேவை.

நான் விடவில்லை. இணையத்தில் தேடி, 2005ஆம் ஆண்டில் அறிமுகமான ‘ஓசிஐ’ அட்டை பற்றிச் சொன்னேன். முன்னாள் இந்தியக் குடிமக்கள் அதைப் பெற்றால் ஒவ்வொரு முறையும் விசா எடுக்காமல் வாழ்நாள் முழுவதும் போய்வரலாம். அங்கே வாக்களிக்க முடியாது, விளைநிலம் வாங்க முடியாது. மரபுவழி வரும் நிலத்தைப் பெறத் தடையில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: “அது சரி தம்பி. ஆனா எங்க அம்மா வீட்டுக்கு நான் வெளிநாட்டுக்காரியா போகணும்ல?”

என்னிடம் பதில் இல்லை. குடியுரிமைக்காக நான் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. பிறப்புச் சான்றிதழோடு வந்தது அது. அவரோ 23 ஆண்டுகள் வாழ்ந்த ஒன்றை ‘வேண்டாம்’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஓர் இரவு, அம்மாச்சியிடம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“பிள்ளைங்க இருக்கிற எடந்தான் ஒனக்கு ஊரு. என்ன ஏன் கேக்குற? எனக்கு ஒண்ணுன்னா வந்துருவேல்ல?”

“வந்துருவேன்மா” என்றார் அம்மா. 2020இல் அவரால் சொல்ல முடியாமல்போன சொல் அது.

மறுநாள் அவரே கோப்பை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

விண்ணப்பம் போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை. கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்தால் ‘சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணம்’ இருக்கிறது. இணையவழிப் பாடம், வரலாற்று இடங்களுக்குச் சுற்றுலா, சமூகத்தினருடன் பகிர்வு அமர்வு ஆகியவற்றை முடிக்க வேண்டும். பிறகு உறுதிமொழி, அதன்பின் இளஞ்சிவப்பு அட்டை. கிடைக்காமலும் போகலாம். போனால் மறுபடி விண்ணப்பிப்போம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கோப்பு மேல்தட்டில் இருந்தால், அதை இறக்கிப் பாருங்கள். பெயர்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா, எது எப்போது காலாவதியாகிறது என்று குறித்து வையுங்கள். விதிகள் மாறும், குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் நேரடியாகப் படியுங்கள். உங்களில் யாராவது பிற்காலத்தில் வெளிநாட்டவரை மணக்க நினைத்தால், திருமணத்துக்கு முன்பே அனுமதி கிடைக்கும் வாய்ப்பை அறிய உதவும் மதிப்பீடு 2015 முதல் நடப்பில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படிவத்தை விரைவாக நிரப்பிக் கொடுப்பது நமக்கு எளிது. கையொப்பமிடும் இடத்தில் அம்மாவோ அப்பாவோ சற்றுத் தயங்கினால், அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பு முடிந்ததும் நான் தேசிய சேவைக்குப் போவேன். அங்கே நானும் உறுதிமொழி எடுப்பேன். “யாரு மொதல்ல எடுக்குறோம்னு பார்ப்போம்” என்கிறார் அம்மா.