மோட்டார் சைக்கிளின் நாடி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று திடீரெனத் திணறத் தொடங்குகிறது. சந்தியில் வேகத்தைத் தணித்ததும் இயந்திரம் அணைந்துவிடுகிறது. பெற்றோலும் முன்னையிலும் கூடுதலாகச் செலவாகிறது. அண்டையிலுள்ளோர் ஆளுக்கொரு காரணம் கூறுவர். ஒருவர் உணரி பழுதென்பார். மற்றொருவர் மின்னணுப் பெட்டியே கெட்டதென்பார். சொந்தக்காரரோ அவர்கள் சொன்னவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி மாற்றுவார். பணம் கரையும், நோய் மாத்திரம் அகலாது. இறுதியில், இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடிய வண்டி பழைய இரும்புக்கு விலைபோகும். இம்முடிவு பெரும்பாலும் இயந்திரத்தின் குற்றத்தால் நேர்வதன்று. விசாரணையின்றித் தீர்ப்புக் கூறும் அவசரத்தால் நேர்வதாகும்.

பழைய மோட்டார் சைக்கிள்களிற் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் வேலையைக் காபரேற்றர் செய்தது. பின்னர் வந்த வண்டிகள் பலவற்றில் அவ்வேலை மின்சாரத்தின் வசமாயிற்று. இம்மாற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட கே-100 என்னும் வண்டி தக்க உதாரணமாகும். பேர்லினில் உருவான இவ்வண்டியின் இயந்திரம் 987 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. அதன் நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நில்லாமற் படுத்த நிலையில் அமைந்துள்ளன. பொஷ் நிறுவனத்தின் எல்.இ. ஜெற்றோனிக் என்னும் முறை அதற்குப் பெற்றோலை ஊட்டுகிறது.

அம்முறை இயங்கும் விதம் கடினமானதன்று. பெற்றோல் தாங்கியினுள் இருக்கும் மின்பம்பி, பெற்றோலைச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 36 இறாத்தல் அமுக்கத்தில் அனுப்புகிறது. சிலிண்டர் ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு பீச்சி உண்டு. அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பெற்றோல் உட்செல்லும். அந்நேரத்தைத் தீர்மானிப்பது கட்டுப்பாட்டுப் பெட்டி. ஆயினும், அப்பெட்டிக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. உட்செல்லும் காற்று தள்ளுவதால் ஒரு தகடு திறக்கும். அத்தகடு திறந்த அளவைக் கொண்டு பெட்டி காற்றின் அளவை அறிகிறது. குளிர்நீரின் வெப்பத்தை வேறோர் உணரி சொல்கிறது. காற்று வாயில் மூடியிருக்கிறதா, முழுதும் திறந்திருக்கிறதா என்பதை ஓர் ஆளி தெரிவிக்கிறது. சுழல்தண்டின் முன்புறத்திலுள்ள இரண்டு ஹோல் உணரிகள் தீப்பொறி எழவேண்டிய கணத்தைக் குறிக்கின்றன. இவை சொல்வதை அப்பெட்டி அப்படியே நம்பிவிடும். பொய்ச்சாட்சி கிடைத்தால், நேர்மையான நீதிபதியும் பிழையான தீர்ப்பையே வழங்குவார்.

எனினும், சாட்சி பிழைபட்டதற்கு உணரியே எப்போதும் காரணமாவதில்லை. உணரியிலிருந்து பெட்டிவரை செல்லும் கம்பி அறுந்திருக்கலாம்; இணைப்பிற் களிம்பு படர்ந்திருக்கலாம்; பற்றறி வலுவிழந்திருக்கலாம். ஆகவே, விலை குறைந்ததும் எளிதிற் பார்க்கக்கூடியதுமான பகுதியை முதலிலும், விலை மிகுந்ததை இறுதியிலும் சோதிப்பதே முறையாகும்.

முதலிற் பார்க்கவேண்டியது பற்றறி. ஓய்விலிருக்கும் நல்ல பற்றறி ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்டும். இயந்திரம் ஓடும்போது அது 14 வோல்ற்றை அண்ணளவாக எட்டவேண்டும். இயந்திரத்தைத் தொடக்கும் வேளையில் 10 வோல்ற்றுக்குக் கீழே விழுமாயின், பம்பியும் பெட்டியும் ஒழுங்காக வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பற்றறியின் முனைகளும், வண்டிச் சட்டத்தோடு இணையும் புவிக்கம்பியும் துருவின்றி இறுக்கமாயிருத்தல் அவசியம். இச்சோதனைக்குச் செலவாவது சில நிமிடங்களே.

அடுத்து, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை அறியவேண்டும். குளிர்ந்திருந்த இயந்திரத்தைத் தொடக்கிச் சிறிது நேரத்தின் பின் நான்கு புகைக்குழாய்களிலும் ஒவ்வொரு துளி நீரைத் தெளித்தால், வேலை செய்யும் சிலிண்டரின் குழாயில் நீர் சீறி மறையும். வேலை செய்யாததன் குழாயிலோ அது வழிந்தோடும். கையால் தொட்டுப் பார்ப்பது ஆபத்தாகும். கே-100 இல் இரண்டு மின்சுருள்கள் மாத்திரமே உள்ளன. ஒன்று முதலாம் நான்காம் சிலிண்டர்களுக்கும், மற்றது இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கும் தீப்பொறி தருகிறது. ஆகவே, முதலாவதும் நான்காவதும் ஒருங்கே ஓய்ந்தால், அவ்விரண்டுக்கும் பொதுவான சுருளையோ, அதற்குரிய கம்பியையோ, ஹோல் உணரியையோ ஐயுறலாம். ஒன்று மட்டும் ஓய்ந்தால், அதன் பிளக்கையும், பிளக் கம்பியையும், பீச்சியையும் நோக்கவேண்டும். நீண்ட திருகாணிச் செலுத்தியின் நுனியைப் பீச்சியின்மேல் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்தால், வேலை செய்யும் பீச்சியின் சிறு தட்டொலி கேட்கும். இவ்வாறு ஒரு நீர்த்துளியும் ஒரு திருகாணிச் செலுத்தியும் ஐயத்துக்குரிய பகுதிகளைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றன.

பிளக்கின் நிறமும் புகையின் நிறமும் பேசும் மொழியையும் கற்றுக்கொள்ளல் நன்று. பிளக்கிற் கரிபடிந்து கரும்புகை எழுந்தால் பெற்றோல் மிகுதியென்று பொருள். பிளக் வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவென்றோ, காற்று மிகுதியென்றோ கொள்ளலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கே-100 வண்டியைப் பக்கத்தாங்கியிற் சாய்த்து நிறுத்திவைத்தால், படுத்த சிலிண்டர்களுள் எண்ணெய் கசிந்து, மறுநாட் காலையில் நீலப்புகை எழுவதுண்டு. சிறிது நேரத்தில் அது தானே தெளியும். இயல்பை அறியாதவர் இதனைப் பெருநோயென்று கருதி இயந்திரத்தையே கழற்றிவிடுவர்.

மூன்றாவதாகக் காற்றுக் கசிவு. காற்றை அளக்கும் தகட்டைக் கடந்தபின் வேறொரு வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது. பெட்டி குறைந்த காற்றுக்குரிய பெற்றோலையே தரும், கலவை மெலியும், இயந்திரம் ஓய்வு வேகத்தில் தடுமாறும். வயதான வண்டியில் றப்பர்க் குழாய்கள் வெடிப்பது இயல்பு. காற்று வாயிலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள றப்பர் இணைப்புகள், எண்ணெய் அறையின் ஆவியைக் கொண்டுசெல்லும் குழாய், எண்ணெய் ஊற்றும் மூடியின் றப்பர் வளையம் ஆகியவற்றை விரலால் வளைத்துப் பார்த்தல் வேண்டும். மேலுக்கு நன்றாகத் தோன்றும் குழாய், வளைத்ததும் அடிப்புறத்தில் வாய் திறப்பதுண்டு. விலையுயர்ந்த காற்றுமானியை மாற்றியும் தீராத நோய், சிறு குழாயொன்றை மாற்றியதும் தீர்வது இதனாலேயாம்.

இவையெல்லாம் செவ்வையாயிருந்தாற்றான் உணரிகளின் முறை வருகிறது. குளிர்நீரின் வெப்ப உணரி, சூடேறுந்தோறும் மின்தடை குறையும் இயல்புடையது. 20 பாகை சென்ரிகிறேற்றில் அதன் தடை ஏறக்குறைய 2,500 ஓம். 80 பாகையில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். அதன் கம்பி அறுந்தால் தடை அளவிறந்ததாகும். கடுங்குளிர் நிலவுகிறதென்று பெட்டி எண்ணிப் பெற்றோலை வாரி வழங்கும். அதனாற் சூடான இயந்திரம் கரும்புகை கக்கும். கம்பி புவியோடு முட்டினால் நேர்மாறாக, குளிர்ந்த இயந்திரம் தொடங்க மறுக்கும். இத்தடையை உணரியின் வாயில் அளப்பதோடு நில்லாமல், பெட்டியைச் சேரும் இணைப்பிலும் அளக்கவேண்டும். உணரியிற் சரியாகவும் இணைப்பிற் பிழையாகவும் இருந்தால், குற்றம் இடையிலுள்ள கம்பியினதே. சூடேறியதும் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடும் வண்டியில் ஹோல் உணரியை ஐயுறுவது பொருந்தும். அதனையும் சூடான நிலையிலேயே சோதிக்கவேண்டும். ஆறியபின் சோதித்தால் அது நலமாகவே தோன்றும்.

பிற்காலத்து வண்டிகளிற் பழுதைச் சுட்டும் விளக்கு ஒன்று உண்டு. கே-100 இல் அது இல்லை. ஹொண்டாவின் வண்டிகள் பலவற்றில் அவ்விளக்கு 7 முறை மின்னினால், குளிர்நீர் வெப்ப உணரியைப் பற்றிய முறைப்பாடு என்று பொருள். இதனை உணரி கெட்டதென்ற தீர்ப்பாகக் கொள்வது தவறு. அவ்வழியாக வரும் செய்தி சரியில்லை என்பதே அதன் கருத்து. கம்பியும் இணைப்பும் அவ்வழியைச் சேர்ந்தவையே. விளக்கு வீதியைக் காட்டும். வீட்டைக் கண்டுபிடிப்பது மனிதனின் கடமை.

கட்டுப்பாட்டுப் பெட்டி கடைசியிற் குற்றஞ்சாட்டப்படவேண்டியது. அதன் இணைப்பைக் கழற்றுமுன் சாவியை அணைத்துப் பற்றறியின் கம்பியையும் நீக்கிவிடல் வேண்டும். காற்றுமானியின் மூடியைத் திறந்து அதன் வில்லைத் திருப்புவது, சரியான தராசைக் கெடுப்பதற்கு ஒப்பாகும். பெற்றோற் குழாயிலே அமுக்கம் தங்கியிருக்குமாதலால், அதனைக் கழற்றும் வேலையை நெருப்பும் சூடான இயந்திரமும் இல்லாத திறந்த வெளியிற் செய்தல் உயிர்க்காப்பாகும்.

ஒரே வேளையில் இரண்டு பகுதிகளை மாற்றலாகாது என்பதும் நினைவிலிருத்தத்தக்கது. மாற்றியபின் வண்டி நலமடைந்தாலும், எதனால் நலமடைந்தது என்பது தெரியாமற் போகும்; அதே நோய் மறுமுறை வந்தால் பழைய இருளே சூழும். கண்டதையும் அளந்ததையும் ஒரு சிறு கொப்பியில் எழுதிவைப்பவருக்கு அவ்விருள் இல்லை. நடுவீதியில், பாரவண்டிகளுக்கு இடையே அணைந்துவிடும் இயந்திரம் பணத்தை மட்டுமன்றி உயிரையும் கேட்கும். ஆகையால், மாற்றுமுன் அளப்பது சிக்கனம் மாத்திரமன்று, அதுவே பாதுகாப்புமாகும்.